பவுடர் மணக்கும் சென்ட்: அதற்குள் இருக்கும் பெண் யார்?

டால்க் என்பது ஒரு கல். கனிமங்களிலேயே மிக மென்மையான கல். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு எண் 1. நகத்தால் கீறினாலே பொடியாக உதிரும். சுரங்கத்திலிருந்து வந்த டால்க்கை அப்படியே முகர்ந்து பார்த்தால் மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. முகத்துக்குப் பூச ஒரு காலத்தில் பயன்பட்ட அரிசி மாவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் இல்லை.

ஆனால் 'பவுடர் வாசனை' என்று நான் எழுதியதுமே உங்களுக்கு ஏதோ ஒன்று நினைவில் வந்து போயிருக்கும். பாண்ட்ஸ் டப்பாவாக இருக்கலாம், குட்டிக்குராவாக இருக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் தட்டிய பேபி பவுடராக இருக்கலாம். கல்லுக்கு மணம் இல்லை என்றால், வந்தது எது?

இதற்குப் பதில் தெரிந்தால், சென்ட் கடையில் விற்பனைப் பெண் ஒரு காகிதத் துண்டை நீட்டி "இது பவுடரி ஃப்ளோரல், மேடம்" என்று சொல்லும்போது பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி இன்னும் வேடிக்கையானது. அந்தக் காகிதத்தை முகர்ந்ததும் மனதுக்குள் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவளுக்கு ஒரு வயது இருக்கிறது, உடை இருக்கிறது, குணம்கூட இருக்கிறது. அவளை யார் அனுப்பி வைத்தது?

முதலில் பொடியைப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியானவர்கள், ஆணும் பெண்ணும், தலைமுடிக்கும் பொய்முடிக்கும் வெள்ளைப் பொடி தூவிக்கொண்டார்கள். பெரும்பாலும் அது வெறும் மாவு. மணத்துக்காக அதில் ஐரிஸ் என்ற செடியின் காய்ந்த கிழங்கைத் தூளாக்கிக் கலந்தார்கள். இந்த மோகத்தின்மேல் பிரிட்டன் வரியே போட்டது. 1795இல் பிரதமர் இளைய வில்லியம் பிட் கொண்டுவந்த சட்டப்படி, தலைக்குப் பொடி தூவ ஆசைப்படுகிறவர் ஆண்டுக்கு ஒரு கினி (அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தங்க நாணயம்) கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வரி வந்தது, தானியத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது, பழக்கம் சீக்கிரமே ஓய்ந்தது. பொடி தலையிலிருந்து முகத்துக்கு இறங்கியது. பிரான்ஸில் அரிசிப் பொடி, அப்புறம் டால்க். பொடி மாறினாலும் அதில் கலந்த மணம் மட்டும் பழைய குடும்பத்தை விடவில்லை: ஐரிஸ், வயலட், ரோஜா. உதட்டுச் சாயத்தின் மெழுகு நெடியை மறைக்கவும் இதே ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆகவே பவுடர் வாசனை என்பது பவுடரின் வாசனை அல்ல. பவுடரோடு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்திய சில பூக்களின், வேர்களின் வாசனை. பவுடரி என்று சொல்லி விற்கும் சென்ட் குப்பிக்குள் பொடி ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. ஆல்கஹாலில் கரைந்த மணப்பொருள்கள் உங்கள் நினைவில் இருக்கும் பவுடர் டப்பாவைத் திறந்து காட்டுகின்றன, அவ்வளவுதான்.

வாசப்பொடி நமக்கும் புதிதில்லை. பழைய தமிழில் அதற்குச் சுண்ணம் என்று பெயர். சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் யார் இடித்த சுண்ணம் உயர்ந்தது என்று போட்டி போடுவார்கள். சீவகன் இரண்டையும் வானில் தூவிக் காட்டுவான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே தேடி வரும். தோற்ற சுரமஞ்சரிக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை, ஆண்களையே பார்க்க மாட்டேன் என்று கதவை அடைத்துக்கொள்வாள். ஒரு பொடியின் மணத்துக்கும் ஒரு பெண்ணின் மதிப்புக்கும் முடிச்சுப் போடும் வேலை பாரிஸில்தான் தொடங்கியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சரி, அந்த மணப்பொருள்கள் எவை? எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. நாலைந்து தெரிந்தால் போதும்.

ஐரிஸ் இருப்பதிலேயே பொறுமையைச் சோதிக்கும் சரக்கு. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரைச் சுற்றியுள்ள டஸ்கனிக் குன்றுகளில் இதைக் காலங்காலமாகப் பயிரிடுகிறார்கள். அந்த நகரத்தின் சின்னமே இந்தப் பூதான். ஆனால் சென்ட்டுக்கு வேண்டியது பூ அல்ல, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. மஞ்சள், இஞ்சி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம்போல மண்ணில் விட்டு, தோண்டி எடுத்து, தோல் சீவிக் காயவைப்பார்கள். அப்போது முகர்ந்தால் பச்சை உருளைக்கிழங்கு வாடைதான் வரும். இனிமேல்தான் காத்திருப்பு தொடங்குகிறது. இன்னும் மூன்று வருஷமாவது சும்மா கிடக்க வேண்டும். காற்றுப் பட்டுப் பட்டு, கிழங்குக்குள் ஐரோன் என்ற மணப்பொருள் மெதுவாக உருவாகும். அதற்குப் பிறகு வாலை வடித்தால் கிடைப்பது எண்ணெய்கூட இல்லை, அறைவெப்பத்தில் உறைந்து நிற்கும் வெண்ணெய் மாதிரி ஒன்று. சென்ட் உலகில் மிக விலையுயர்ந்த இயற்கைச் சரக்குகளில் ஒன்று அது. அதன் மணத்தைச் சொல்லச் சொன்னால் திணறிப்போவேன். குளிர்ந்த வயலட் பூ, கொஞ்சம் காரட், கொஞ்சம் புது மரம், மேலே மெல்லிய மாவு படிந்த மாதிரி. இனிப்பு கிடையாது. ஐரிஸின் குணத்துக்குக் காரணம் இந்த இனிப்பில்லாமைதான் என்பது என் எண்ணம்.

ஐரோனின் நெருங்கிய உறவுதான் அயனோன். வயலட் பூவின் மணத்தைச் செய்கிற பொருள். 1893இல் ஃபெர்டினாண்ட் டீமான், பால் க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் ஐரிஸின் மணத்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, வழியில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை வயலட் மணம் பணக்காரர் சமாச்சாரம். அயனோன் வந்தபிறகு சாதாரண சோப்பும் பவுடரும்கூட வயலட் மணக்கத் தொடங்கின. அயனோன் செய்யத் தேவையான மூலப்பொருள் சிட்ரால். அது எலுமிச்சைப் புல் எண்ணெயில் முக்கால் பங்கு வரை இருக்கிறது. அந்த எண்ணெய் கேரள மலைகளிலிருந்து கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால், உலகச் சந்தையில் அதற்குக் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர். ஐரோப்பியச் சீமாட்டியின் வயலட் பவுடருக்குள் மலையாளத்துப் புல் ஒளிந்திருந்தது என்பது எனக்குப் பிடித்த தகவல்களில் ஒன்று.

அயனோனிடம் ஒரு கண்ணாமூச்சி விளையாட்டும் உண்டு. மூக்கைச் சீக்கிரம் களைப்பாக்கிவிடும். முகர்வீர்கள், இருக்கும், மறுபடி முகர்வீர்கள், இருக்காது, கொஞ்சம் பொறுத்தால் திரும்பி வரும். அதனால் வயலட் சென்ட் போட்ட பலருக்கு "வாசனை நிக்கவே இல்லை" என்ற குறை. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், நின்றுகொண்டுதான் இருக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மரபணுவில் இருக்கும் வேறுபாட்டால், அயனோனின் ஒரு வகை சிலருக்கு இனிய மலர்மணமாகப் படுகிறது, சிலருக்குப் புளித்த நெடியாகப் படுகிறது. ஒரே சென்ட்டுக்கு இரண்டு பேர் எதிரெதிராகத் தலையாட்டினால் ரசனையை மட்டும் குறைசொல்ல முடியாது.

அடுத்தது ஹீலியோட்ரோபின். பாதாமும் வனிலாவும் செர்ரியும் மாவில் பிசைந்த மாதிரி மணம். ஹீலியோட்ரோப் என்ற பூவை நினைவூட்டுவதால் அந்தப் பெயர், ஆனால் முதன்முதலில் அதைத் தயாரித்தது மிளகிலிருந்து. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை உடைத்து, 1869இல் ஜெர்மன் ஆய்வகத்தில் இதைப் பெற்றார்கள். வேதியியல் பெயர் இன்றும் பைப்பரோனல்தான். ரசத்துக்குத் தட்டிப் போடும் மிளகுக்கும் முகப்பவுடரின் கொஞ்சலான இனிப்புக்கும் இப்படி ஒரு சொந்தம்.

வனிலின், கூமரின், சாம்பிராணி மாதிரிப் பிசின்கள் எல்லாம் அடியில் இருந்து இனிப்பும் கதகதப்பும் கொடுப்பவை. அவை இருக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

கஸ்தூரியைப் பற்றி மட்டும் இன்னும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். உண்மையான கஸ்தூரி இமயமலை ஆண் மானின் சுரப்பியிலிருந்து வருவது. 1888இல் ஆல்பர்ட் பௌர் என்பவர் வெடிமருந்து சம்பந்தமான ஆராய்ச்சியில் இருந்தபோது, டிஎன்டிக்கு நெருங்கிய ஒரு பொருளில் கஸ்தூரி மணம் அடிப்பதைக் கவனித்தார். செயற்கைக் கஸ்தூரியின் கதை அங்கே தொடங்குகிறது. அந்தப் பழைய வகைகளில் பல உடல்நல, சுற்றுச்சூழல் காரணங்களால் கழிந்துபோய், அவற்றின் இடத்துக்குப் புதிய வகைகள் வந்தன. இவற்றை 'வெள்ளைக் கஸ்தூரி' என்று சொல்வது வழக்கம். பெரிய மூலக்கூறுகள், மெதுவாகத்தான் ஆவியாகும், துணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். துணி சோப்புத் தூளில் இவற்றை ஏராளமாகப் போடுவதும் அதனால்தான். துவைத்துக் காய்ந்த துணியின் 'சுத்தமான' வாசனை என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு இவற்றுடையது. பவுடரி சென்ட்டுக்கு வருகிற 'குளித்துவிட்டு வந்த பெண்' என்ற சாயல் ஓரளவு இந்த வழியாகத்தான் வருகிறது.

இவ்வளவும் சேர்ந்தால் மூக்குக்கு ஒரு மென்மை கிடைக்கிறது. வாசனைக்கு எப்படி மென்மை இருக்க முடியும் என்று கேட்கலாம். மிளகாய் வறுக்கும்போது மூக்கைத் தாக்குவதும் தலைவலித் தைலம் குளிர்வதும் வாசனை மட்டும் அல்ல. முகத்தின் தொடு உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும் அவை தூண்டுகின்றன. பவுடரி மணப்பொருள்களில் அந்தக் குத்தல் ஏறக்குறைய கிடையாது. காரம் இல்லை, குளிர்ச்சி இல்லை, எலுமிச்சையின் பளீர் இல்லை. ஓரங்கள் மழுங்கிய வாசனை. அதோடு, பஞ்சால் பொடி ஒற்றிய கன்னத்தின் நினைவும் சேர்ந்துகொள்ள, மூக்கு விரலின் வேலையைச் செய்கிறது.

இனி ஒரு குப்பியைக் கையில் எடுப்போம். தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது ஃப்ளவர் பை கென்ஸோ. பவுடரி ஃப்ளோரல் என்றால் என்ன என்று கேட்பவரிடம் நீட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கென்ஸோ தகாடா ஜப்பானில் பிறந்து, 1965இல் பாரிஸ் வந்து, பூப்போட்ட துணிகளால் பேர் வாங்கிய ஆடை வடிவமைப்பாளர். நிறுவனத்தை 1993இல் விற்று, 1999இல் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த வருஷம், 2000இல், அவர் பெயரில் இந்த சென்ட் வந்தது. செய்தவர் ஸ்பெயினில் பிறந்த ஆல்பெர்ட்டோ மொரில்லாஸ். அக்வா டி ஜியோ என்ற பிரபலமான ஆண்கள் சென்ட்டிலும் இவர் கை உண்டு என்பதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

குப்பியை வடிவமைத்தவர் செர்ஜ் மன்ஸோ. ஒல்லியாக, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கண்ணாடி. உள்ளே ஒற்றைச் சிவப்பு பாப்பிப் பூ. மூன்று அளவுகளையும் வரிசையாக வைத்தால் மொட்டிலிருந்து மலர்வது வரை தெரியும். பாப்பி நம் சமையலறைக் கசகசாவின் சொந்தக்காரச் செடி. இதில் ஒரு குறும்பு இருக்கிறது: சிவப்பு வயல் பாப்பிக்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது. மணமில்லாத பூவின் பெயரில் சென்ட் செய்யச் சொன்னால் என்ன செய்வது? இல்லாததைக் கற்பனை செய்ய வேண்டியதுதான். மொரில்லாஸ் பல்கேரிய ரோஜாவை எடுத்தார், அது பன்னீர் ரோஜா இனம். அதோடு பார்மா வயலட், ஹாத்தார்ன் என்ற காட்டுப் பூவின் சாயல், அடியில் வனிலா, ஒப்போபனாக்ஸ் பிசின், தாராளமாக வெள்ளைக் கஸ்தூரி. மணமில்லாத பூவும் மணமில்லாத கல்லும் இங்கே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் வெளியிலிருந்து கடன் வாங்கிய மணம்தான்.

போட்டவுடன் ஒரு சின்னப் பச்சை வாடை வந்து மறையும். பத்து நிமிஷத்தில் ரோஜாவும் வயலட்டும் தனித்தனியாகத் தெரியாதபடி கலந்து, பவுடர் பஞ்சை உதறிய மாதிரி ஒரு மங்கல். அதன்பிறகு மணிக்கணக்கில் அப்படியேதான். பெரிய திருப்பங்கள் கிடையாது. சிலருக்கு இது அலுப்பு. எனக்கு அந்த மாறாமைதான் பிடித்திருக்கிறது. கூட்டத்தில் குரலை உயர்த்தாமல், சொன்னதையே பொறுமையாகத் திரும்பச் சொல்லும் ஒருத்தியைப் போல. விளம்பரம் காட்டியது நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூ. மெல்லியவள், ஆனால் தார்ச்சாலையில் முளைத்து நிற்பவள். வாசனை பாதி சொன்னதை விளம்பரமும் குப்பியும் முடித்து வைக்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்தால் அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

குணம் என்று நாம் சொல்வது எவ்வளவு மாறக்கூடியது என்று பார்க்க, பக்கத்தில் வேறு சில குப்பிகளை வைக்க வேண்டும்.

கெர்லேன் என்பது 1828இல் பாரிஸில் தொடங்கிய சென்ட் வீடு. அதன் மூன்றாம் தலைமுறையான ஜாக் கெர்லேன் 1912இல் செய்தது லேர் ப்ளூ. 'நீல வேளை' என்று பொருள். சூரியன் இறங்கி இருட்டு இன்னும் வராத அந்த அந்திப்பொழுது. சோம்பின் வாடை, ஆரஞ்சுப் பூ, கார்னேஷன், வயலட், ஐரிஸ், ஹீலியோட்ரோபின், வனிலா. இதுவும் பவுடரிதான், ஆனால் கென்ஸோ பெண்ணின் சிரிப்பு இதில் இல்லை. வந்திருப்பவள் ஜன்னலோரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பவள். ஏதோ நினைவில் இருக்கிறாள், கேட்டாலும் சொல்ல மாட்டாள். சோம்பும் கார்னேஷனின் கிராம்புக் காரமும்தான் அந்த நிழலைப் போடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஷனெல் நம்பர் 19. ஆன்றி ரொபேர் செய்தது. ஷனெல் நிறுவனத்தைத் தொடங்கிய ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் பிறந்த தேதி ஆகஸ்ட் 19, அதுவே பெயர். ஐரிஸின் குளிர்ந்த பொடியோடு கால்பனம் என்ற பிசினின் கசப்பான பச்சை மணத்தை மோத விட்டிருக்கிறார்கள். ஒரு துளி கொஞ்சலும் கிடையாது. இந்தப் பெண் கோப்பைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் "உட்காருங்க" என்பாள். பவுடரி என்றாலே மென்மையானவள் என்று எழுதிவைக்கும் விற்பனைக் கையேடுகள் எல்லாம் இவள் முன்னால் வாயடைத்துப் போகும்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்று. 1970களில் அமெரிக்காவில் லவ்ஸ் பேபி சாஃப்ட் என்ற மலிவு விலை சென்ட் வந்தது. பேபி பவுடர் வாசனை. வெள்ளந்தித்தனம்தான் கவர்ச்சி என்ற பொருள்படும் வாசகத்தோடு, சிறுமி போலத் தெரியும் முகங்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். இன்று பார்த்தால் வயிற்றைப் புரட்டுகிறது. ஒரு வாசனைக்கு எந்தப் பெண்ணின் முகத்தை ஒட்டுவது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியை இந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் முதலில் கேட்டுக்கொண்டேன்.

ஃப்ளாரன்ஸில் லோரென்ஸோ வில்லோரேஸி 2000இல் வெளியிட்ட தேன் த நேஜ் என்ற சென்ட்டையும் சொல்ல வேண்டும். பழைய முகப்பவுடரின் மணத்தை இதைவிட முழுசாகப் பிடித்த ஒன்றை நான் முகர்ந்ததில்லை. பெயருக்கு 'பனிபோன்ற மேனி நிறம்' என்று பொருள். மணம் அழகு, பெயரைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பவுடருக்கும் வெளுப்புக்குமான பழைய சிநேகிதம் அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. மாநிறக் கழுத்தில் வெள்ளைத் திட்டாக நின்ற பவுடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும்.

ஐரோப்பிய, அமெரிக்க சென்ட் விமர்சனங்களைப் படித்தால் பவுடரி வாசனைக்கு ஒரு வசவு அடிக்கடி கண்ணில் படும்: பாட்டி வாசனை. அவர்கள் ஊரில் அது நியாயம். பவுடர், உதட்டுச் சாயம், கைப்பை எல்லாம் வயலட் மணத்தோடு இருந்தது அவர்கள் பாட்டிமார் காலத்தில். இதை அப்படியே எடுத்து நம் மூக்கின்மேல் வைக்க முடியாது. என் பாட்டியின் வாசனை வெற்றிலையும் விபூதியும் நல்லெண்ணெயும், மழைக்காலமாக இருந்தால் சாம்பிராணிப் புகையும். பவுடர் டப்பா பக்கமே அவர் போனதில்லை.

எங்கள் வீட்டில் பவுடர் என்றால் வெளியே கிளம்புவது. சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, பூ வைத்துக்கொண்டால் கோயிலுக்கோ கடைக்கோ போகிறார்கள் என்று அர்த்தம். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் மகளிர் இருக்கைகள் பக்கம் நின்றவர்களுக்கு இந்த மணம் தெரியும்: பவுடர், மல்லிகை, இஸ்திரி போட்ட காட்டன் புடவை. அதனால் எனக்கு பவுடரி சென்ட்டுக்குள் வருகிற பெண் பாட்டியும் இல்லை, குழந்தையும் இல்லை. டிபன் பாக்ஸும் கைக்கடிகாரமுமாக வேலைக்குப் போகிறவள். கொஞ்சம் கண்டிப்பு, நிறைய நேர்த்தி, சில்லறை சரியாக வைத்திருப்பாள்.

பெண் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் கடை அலமாரியின் ஏற்பாடுதான். 2005இல் ஒலிவியே போல்ஜ் செய்த டியோர் ஓம் முழுக்க ஐரிஸை முன்னால் நிறுத்திய ஆண்கள் சென்ட். உதட்டுச் சாய மணம் அடிக்கிறது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு, ஆனால் நன்றாகவே விற்றது. நம் ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம். சட்டைக் காலருக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டு கிளம்பும் மாமாக்களை நாம் பார்க்காததா? கேரம் போர்டில் போரிக் பவுடர் தீர்ந்த நாளில் முகப்பவுடரைத் தட்டி ஆடிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் ஸ்ட்ரைக்கரின் சத்தத்தோடுதான் வரும்.

முகர்ந்து பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காகிதத் துண்டில் அடித்து உடனே முடிவு செய்யாதீர்கள். பவுடரி சென்ட்டின் கதை அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். முதல் ஐந்து நிமிஷம் வாசலில் நிற்கிற ஆள் வேறு. மணிக்கட்டில் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம், அயனோன் இருக்கிற சென்ட் என்றால் இரண்டே போதும். சில கஸ்தூரி வகைகள் சில மூக்குகளுக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஒன்றும் மணக்கவில்லை என்று எட்டுத் தடவை அடித்துக்கொள்ளும் முன் கூட வந்தவரைக் கேட்டுவிடுங்கள்.

வெயில் ஒரு தனிப் பிரச்சினை. சித்திரை மாதச் சென்னையில் வனிலாவும் கஸ்தூரியும் வியர்வையோடு சேர்ந்து மூச்சை அடைக்கும். ஐரிஸ் கூடுதலாக, இனிப்புக் குறைவாக உள்ளவை அந்தக் காலத்துக்குத் தேவலை. டானியெலா ஆண்ட்ரியே 2007இல் பிராடாவுக்குச் செய்த இன்ஃப்யூஷன் தீரிஸ் அந்த ரகம், வெளுத்துக் காயப்போட்ட லினன் மாதிரி இருக்கும். லேர் ப்ளூவை மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு தடவை அடித்தால் போதும்.

தோலில் நிற்கவில்லை என்றால் துணியில் போடுங்கள். பட்டில் வேண்டாம், கறை படலாம். நான் ஒருமுறை பழைய காட்டன் புடவை ஒன்றின் உள்மடிப்பில் ஃப்ளவரை ஒரு தடவை அடித்து மடித்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோனேன். நாலு நாள் கழித்து அம்மா எதற்கோ பீரோவைத் திறந்தவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"உன் மூணாங்கிளாஸ் டீச்சர் இப்பதான் இந்தப் பக்கம் போன மாதிரி இருக்குடி" என்றார்.

எனக்கு அந்த டீச்சரின் முகமே சரியாக ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. "பேரன்ட்ஸ் மீட்டிங்ல பக்கத்துல உக்காந்திருக்கேனே. குட்டிக்குராதான் போடுவாங்க. ரொம்ப கறார்."